ஆமாமணி

சிந்துஜாவுக்கு ஆள் பிடிக்கிற கைராசி உண்டு என்று அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பேச்சு. ‘ஆள் பிடிக்கிறது’ என்று யாராவது சொன்னால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “நான் என்ன நாய் வண்டியா ஓட்டறேன்?” என்பாள். ஆனாலும் கைராசி என்னவோ உண்மைதான். ஆட்டிசம் பற்றி ஆராய்கிறவர்களுக்கு இயந்திரம் கிடைக்கும், கணினி கிடைக்கும், நிதிகூட எப்படியோ கிடைத்துவிடும். பங்கெடுத்துக்கொள்ள மனிதர்கள்தான் கிடைக்க மாட்டார்கள்.

மற்றவர்கள் மருத்துவமனை லிஃப்டில் சுவரொட்டி ஒட்டுவார்கள், இணையத்தில் விளம்பரம் போடுவார்கள், கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு ‘சமூகத்தில் விழிப்புணர்வு போதவில்லை’ என்று அறிக்கை எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். சிந்துஜா அப்படி உட்கார்ந்திருக்கிற ரகமில்லை. கணபதியில் ஒரு தையற்காரர் இருந்தார். கழுத்தில் உறுத்துகிற துணிச்சீட்டை எடுத்துவிட்டு, பித்தான் வைக்காமல், தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி சட்டை தைத்துக் கொடுப்பார். அப்படிப்பட்ட சட்டை யாருக்குத் தேவைப்படும்? அந்தக் கடையில் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், கோயமுத்தூரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். ஒரு அம்மாவிடம் நல்ல பெயர் எடுத்தால் மீதிப் பாதி தானாக வரும். இதுதான் அவள் வித்தை. வேறொன்றுமில்லை.

அந்த வித்தை இந்த முறை பலிக்கவில்லை.

டாக்டர் ரெஹானாவின் ஆய்வு குழந்தைகளைப் பற்றியதல்ல. ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத பெரியவர்களைப் பற்றியது. அவர்களுக்கு வலி வந்தால் அதை மற்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி. தோலில் லேசான சூடு, ஒரு சின்னக் குத்தல், அப்போது உடம்பு எங்கே எப்படிப் பதில் சொல்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். பிறகு எந்த மருத்துவமனையிலும் ஒரு கருவியை வைத்து, ‘இவருக்கு வயிற்றில் வலி’ என்று சொல்லிவிடலாம். ரெஹானாவின் அண்ணன் அன்வரும் பேச்சு வராதவர், குடல்வால் வெடித்து இறந்தார். கடைசி நாள் வரைக்கும் சிரித்துக்கொண்டு, மேசையைத் தட்டிக்கொண்டு இருந்தாராம். வீட்டில் டாக்டருக்குப் படிக்கிற தங்கை இருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ரெஹானா வேறெதையும் ஆராய்ச்சி செய்யவில்லை.

நல்ல காரியம்தான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் பேச்சு வராதவருக்குப் பதிலாக அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது ஆளே சம்மதம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வார் என்று கேட்டால், அதற்குத்தான் அந்த மணி.

காகிதத்தில் அதற்கு ஏதோ நீளமான பெயர். ஊரில் எல்லோரும் ஆமாமணி என்றார்கள். புளியங்கொட்டை அளவு இருக்கும். கறுப்புக் கயிற்றில் கோத்துத் தொண்டைக்குழியில் படுகிற மாதிரி கட்டுவார்கள். தாயத்து மாதிரி இருந்ததால் அம்மாக்களுக்கும் உறுத்தல் இல்லை.

“வார்த்தை வாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே தொண்டையில ஒரு துடிப்பு வரும். பேச வராதவங்களுக்கும் வரும், அதுக்கப்புறம் எங்கயோ நின்னுடும். மணி அந்தத் துடிப்பைப் பிடிச்சுடும்” என்று ரெஹானா முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தாள். “ஆமான்னா பச்சை. இல்லைன்னா சிவப்பு. பதிலே இல்லைன்னா எரியாது. அவ்வளவுதான்.”

எரியவில்லை. அதுதான் பிரச்சினை. சிந்துஜா வீடு வீடாக ஏறி இறங்கினாள். ‘எங்க ஆய்வுக்கு வர்றீங்களா?’ என்று கேட்டால், மணி செத்த மணியாகத் தொங்கியது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

“மணி கெட்டுப்போச்சா டாக்டர்?”

“இன்ஜினியர் நூறு தடவை பார்த்துட்டான். ‘தோசை வேணுமா’ன்னு கேட்டா உடனே எரியுது. ‘குளிக்கலாமா’ன்னு கேட்டா சிவப்பா கொட்டுது. ‘ஆய்வுக்கு வர்றியா’ன்னு கேட்டா மட்டும் இல்லை” என்று ரெஹானா கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டாள். “மழைக்காலத்துக்குள்ள ஆள் சேரலைன்னா நிதி கொடுக்கிறவங்க கையை விரிச்சுடுவாங்க சிந்து. எப்படியாவது பண்ணு.”

எப்படியாவது பண்ணு என்று சொல்வது சுலபம்.

சிங்காநல்லூரில் பிரகதீஷின் வீடு. வயது முப்பதை ஒட்டியிருக்கும். நல்ல உயரம், அகலமான தோள், எப்போதும் ஜன்னல் திரையின் ஓரத்தை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டிருப்பான். அப்பா கனகராஜ் வீட்டின் முன்பக்கத்திலேயே மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருந்தார், பம்பு ஏற்றி இறக்குவது பிரகதீஷ்தான். அம்மா சுலோச்சனா ஆய்வு என்றதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள்.

“எங்கீங்க கையெழுத்துப் போடோணும்? இப்பவே போட்டுடறேன்.”

“உங்க கையெழுத்து இல்லீங்கக்கா. அவரு சொல்லணும்.”

“அவன் என்னத்தச் சொல்லப் போறானுங்க? நாஞ் சொன்னாச் சரிம்பான்.”

சிந்துஜா பிரகதீஷின் பக்கம் திரும்பி, படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, மெதுவாக விளக்கினாள். கடைசியில் கேட்டாள். மணி எரியவில்லை. அவன் அவளைப் பார்க்கவுமில்லை, அம்மாவைப் பார்த்தான். கேள்வி அம்மாவுக்கு உரியது என்று நினைத்துக்கொண்டவனைப்போல அம்மா வாயைத் திறக்கக் காத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. கனகராஜின் பெரியப்பா மகன் தண்டபாணியும் அவர் மனைவி மஞ்சுளாவும் தாம்பாளமும் கையுமாக உள்ளே வந்தார்கள். மகன் அஸ்வந்துக்குக் கல்யாணம், இரண்டு மாதம் முன்னாலேயே அழைக்க வந்திருக்கிறார்கள். சுலோச்சனா அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாயை விரித்தாள்.

அழைப்பதென்றால் சும்மாவா? பத்திரிகையைப் படியில் போட்டுவிட்டுப் போனால் அது அழைப்பே இல்லை. போன் பண்ணிச் சொன்னால் ‘போனில் கூப்பிட்டவன் வீட்டுக்கா போவது’ என்று அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு வரும். நேரில் வர வேண்டும், தட்டில் வைத்து நீட்ட வேண்டும், பெரியவரைக் கூப்பிட வேண்டும், பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட வேண்டும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ‘நீயும் வந்துரு’ என்று வாயால் சொல்ல வேண்டும். ஒருத்தரை விட்டால் போச்சு.

“முந்தின நாள் சீருக்கே வந்துரோணும், கனகு. நீதான் முன்ன நிக்கோணும்” என்று கடையிலிருந்து வந்த கனகராஜிடம் சொன்னார் தண்டபாணி.

“சுலோச்சனா, காத்தால வந்து சாயங்காலமே போறதெல்லாம் ஆவாது, சொல்லிப்போட்டேன்” என்று மஞ்சுளா சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். சுலோச்சனா எடுத்துக்கொண்டாள். பிறகு கிண்ணம் பிரகதீஷின் மார்புக்கு நேராகக் கடந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சிந்துஜாவிடம் வந்தது.

“அம்மிணி, நீங்க ஆருன்னு தெரியலைங்க. நல்ல நேரத்துல இங்க இருக்கறீங்க, நீங்களும் வந்துரோணும்.”

முன்பின் தெரியாத தன்னையும் அழைத்துவிட்டார்களே என்று சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சந்தனம் எடுக்கக் கை நீட்டியபோதுதான் பார்த்தாள். பிரகதீஷின் விரல்கள் திரையை விட்டிருந்தன. வலது கை மடியிலிருந்து ஒரு சாண் உயர்ந்து, கிண்ணம் போன திசையில் நின்றுகொண்டிருந்தது. தொண்டைக்குழியில் மணி பச்சையாக எரிந்தது. ‘எல்லோரும் வந்துரோணும்’ என்று தண்டபாணி மறுபடி சொன்னபோது மறுபடி எரிந்தது. சிந்துஜாவைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் கை மெல்ல இறங்கியது.

“அக்கா, மணி எரிஞ்சுதுங்க.”

“எப்போ? எதுக்குங்க?”

“கல்யாணத்துக்கு வர்றேன்னு சொன்னாரு.”

சுலோச்சனா கொஞ்ச நேரம் தாம்பூலத்தை எடுத்து வைக்கிற வேலையில் இருந்தாள். “எங்கியும் கூட்டிட்டுப் போறதில்லீங்க. ஒருத்தரு வூட்டுல இருக்கோணுமில்ல? நான் இருந்துக்குவேன், அவரு போயிட்டு வந்துருவாரு” என்றாள். அவள் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் சிந்துஜாவுக்கு என்னவோ செய்தது. அவன் பிறந்ததிலிருந்து ஒருவர்கூட ஒரு நாளும் அவனிடம் ‘வா’ என்று சொன்னதில்லை. சொன்னதெல்லாம் அவன் தலைக்கு மேலே, அம்மாவிடம்தான். தன் கேள்வியும் அப்படித்தான் அவன் தலைக்கு மேலே போயிருக்கிறது.

அடுத்த முறை அவள் தாம்பாளத்தோடு போனாள். வெற்றிலை, பாக்கு, பழம், கல்கண்டு, சந்தனக் கிண்ணம். மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ். உறையின் மேல் ‘திருவாளர் க. பிரகதீஷ் அவர்கள்’ என்று பெயர். அலுவலகத்தில், “என்ன சிந்து, டாக்டருக்குக் கல்யாணமா?” என்று கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும்.

சுலோச்சனாவிடம் தட்டை நீட்டாமல் நேரே அவன் எதிரில் போய் நின்றாள். “பிரகதீஷ், நம்ம ஆராய்ச்சி நிலையத்துல ஒரு ஆய்வு நடக்குதுங்க. நீங்க அவசியம் வரணும். உங்களைக் கூப்பிடத்தான் வந்தேன்” என்றாள்.

அவன் தட்டைப் பார்த்தான். அழைப்பிதழை எடுத்து முகத்தருகே வைத்து மோந்தான். சந்தனத்தில் முழு விரலையும் விட்டுத் தோண்டி நெற்றியெல்லாம் அப்பிக்கொண்டான். மணி பச்சையாக எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. சுலோச்சனா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு கேட்க வேண்டுமா? போன வீட்டிலெல்லாம் பச்சை. மழைக்காலம் வருவதற்குள்ளேயே ஆள் சேர்ந்துவிட்டது, அதற்கு மேலும் வரிசை நின்றது. ரெஹானா அவளைக் கட்டிப்பிடித்து, “எங்கம்மா இருந்தா உனக்குத் திருஷ்டி சுத்திப் போட்டிருப்பாங்க” என்றாள். மணி செய்கிற கம்பெனி, தட்டு வைத்து அழைக்கிற இந்த முறையைத் தன் கையேட்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. வெளியூர் ஆய்வகங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒருத்தர் புது மருந்தைச் சோதிக்கிறாராம். “தட்டுல வாழைப்பழம் வைக்கணுமா, ஆப்பிள் வச்சாலும் பச்சை வருமா?” என்று கேட்டார். சிந்துஜா சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி அவளை அரித்தது. என்ன மருந்து என்று அந்த ஆள் சொல்லவே இல்லை. என்ன பழம் என்று மட்டும்தான் கேட்டார்.

மறுநாள் ஒண்டிப்புதூரில் ஒரு வீட்டுக்குப் போனாள். நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர். சிந்துஜா தாம்பாளத்தோடு படியேறும்போதே மணி பச்சை. ஆய்வு என்ற சொல்லைச் சொல்வதற்குள் அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய், பீரோவிலிருந்து பட்டுப்புடவையை எடுத்துப் போட்டிருந்த நைட்டியின் மேலேயே சுற்றிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் வந்து நின்றுவிட்டார். எங்கே என்று தெரியாது, எதற்கு என்று தெரியாது. கூப்பிட்டார்கள், கிளம்பிவிட்டார்.

சிந்துஜா அங்கே எதுவும் கேட்கவில்லை. நேரே சிங்காநல்லூருக்கு வண்டியை விட்டாள்.

பிரகதீஷ் திரையை உருட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் உருட்டல் வேகமானது, அது சந்தோஷம் என்று அவளுக்கு இப்போது தெரியும். அவன் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தாள். தான் செய்யப்போவது நல்ல காரியமில்லை என்று தெரிந்தேதான் செய்தாள்.

“பிரகதீஷ், அங்க வந்தா வலிக்கும். வருவீங்களா?”

பச்சை.

“ரொம்ப வலிக்கும். யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. வருவீங்களா?”

பச்சை.

“நான் உங்களை ஏமாத்திக் கூட்டிட்டுப் போறேன். நல்ல இடத்துக்கு இல்லை. வரமாட்டேன்னு சொல்லுங்க. சொல்லுங்க பிரகதீஷ். வருவீங்களா?”

பச்சை. அவன் புன்னகையோடு அவள் கையைப் பார்த்தான். தட்டு எங்கே என்று தேடினான்போல.

 சுலோச்சனா கொண்டுவந்த காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

“மணி பொய் சொல்லலையே?” என்றாள் ரெஹானா, அவள் முழுவதையும் சொல்லி முடித்ததும்.

“பொய் சொல்லலை டாக்டர். வர்றேன்னுதான் சொல்றாங்க. எங்க கூப்பிட்டாலும் வர்றேன்னு சொல்றாங்க. அதுக்குப் பேரு சம்மதமா?”

“சட்டப்படி பச்சைன்னா சம்மதம்.”

“சட்டத்தை விடுங்க.”

“எப்படி விடறது?” ரெஹானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு சின்னச் சூடு, ஒரு ஊசிக் குத்து. நாம என்ன கசாப்புக்கடையா வச்சிருக்கோம்? இது முடிஞ்சா எத்தனை பேர் பிழைப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? நீயே கண்டுபிடிச்சே, நீயே கெடுக்கறே. இப்ப நாம விட்டுட்டா நிதி போயிடும். அப்புறம் எப்ப கிடைக்கும்? அதுக்குள்ள எத்தனை அன்வர் போவான்?”

“நம்ம ஆய்வு நல்லதுதான் டாக்டர். ஆப்பிள் வைக்கலாமான்னு கேட்டாரே, அவரோட ஆய்வு? அவர் தட்டைத் தூக்கிட்டுப் போனாலும் இதே பச்சைதான் எரியும். கையேட்டுல அதை நாமதான் எழுதிக் கொடுக்கப்போறோம்.” என்றாள் சிந்துஜா. “உங்க அண்ணனை நான் தட்டு வச்சுக் கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?”

ரெஹானா எழுந்தாள். ஏசியை அணைத்தாள், மறுபடி போட்டாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

“யார் கூப்பிட்டாலும் போயிருப்பான்” என்றாள் கடைசியில். “ஒரு தடவை ரோட்டுல போன பந்தல்காரன் விளையாட்டுக்குக் கையாட்டினான்னு பின்னாடியே போயிட்டான். உக்கடத்துல போய்த் தேடிக் கண்டுபிடிச்சோம். அப்புறம் எங்கம்மா வாசல் கதவைத் திறந்து வச்சதே இல்லை.” திரும்பி நின்று, “என்னதான் பண்ணச் சொல்றே?” என்று கேட்டாள்.

“வேற போறதுக்கு இடம் இருக்கறவங்களாலதான் வரலைன்னு சொல்ல முடியும் டாக்டர்.”

சேர்ந்த சம்மதங்களை எல்லாம் ரெஹானா ரத்து செய்தாள். கையேட்டில் எதுவும் போகக்கூடாது என்று மணி கம்பெனிக்கு எழுதினாள், பச்சை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதையும் சட்டம் போட்டவர்களுக்கு எழுதினாள். நிதி கொடுத்தவர்கள் சொன்னபடியே கையை விரித்தார்கள். அதன் பிறகு கொஞ்ச காலம் அவள் சிந்துஜாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சிந்துஜாவும் போய் நிற்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

மஞ்சுளாவின் வீட்டு முற்றத்தில் கல்யாணச் சாமான்கள் குவிந்து கிடந்தன. “பிரகதீஷைக் கூப்பிட விட்டுட்டீங்கக்கா” என்று சிந்துஜா பட்டென்று சொன்னாள்.

மஞ்சுளாவுக்கு முகம் கறுத்தது. “அவனுக்கு என்னுங்க தெரியும்...” என்று ஆரம்பித்தவள், சிந்துஜா அப்படியே பார்த்துக்கொண்டிருக்கவும் நிறுத்திக்கொண்டாள். கையிலிருந்த பட்டுத்துணியை மடித்து மடித்துப் பிரித்தாள். “நெசத்தைச் சொல்லோணும்னா அம்மிணி, வரமாட்டான்னாக் கூப்பிட்டிருப்போமுங்க. நாலு பேரைக் கூப்பிடறோம், வரவா செய்யறாங்க? இவன் வந்துருவானுங்க. அதுதான் கூப்பிடலை. சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னால என்னாவது ஆயிப்போச்சுன்னா?”

“ஆனா ஆகட்டுமுங்க.”

“உங்களுக்கென்ன, சொல்லிப்போட்டுப் போயிருவீங்க.”

“நானும் வர்றேன். என்னையும்தான் கூப்பிட்டிருக்கீங்களே” என்றாள் சிந்துஜா.

மஞ்சுளா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு தண்டபாணியைக்கூடக் கூட்டிக்கொள்ளாமல், தனியாகத் தட்டெடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் போனாள்.

கல்யாணத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் அது பொய். ஆயிற்று. மேளச் சத்தத்துக்குப் பிரகதீஷ் காதைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், பந்தி ஆரம்பிப்பதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டான். அதையாவது விடலாம். தாலி சுற்றிய தேங்காயைத் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவதற்காகச் சபையில் கொண்டுவந்தார்கள். மேளம் ஓய்ந்து சபைக்குத் திரும்பியிருந்த பிரகதீஷிடம் தட்டு வந்ததும், அவன் தேங்காயைத் தாலியோடு எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான், கொடுக்க மாட்டேன் என்கிறான். முகூர்த்தம் தாண்டப்போகிறது. ஐயர் கத்துகிறார், சம்பந்தி வீட்டார் எழுந்து நிற்கிறார்கள், இரண்டு மாமாக்கள் பிடுங்கப் போனார்கள். பம்பு தூக்கிப் பழகிய உடம்பு, அசையுமா? சுலோச்சனாவுக்கு உயிரே போய்விட்டது. ‘நான் அப்பவே வேண்டாம்னேனே’ என்று யாரோ சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

மஞ்சுளா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். “சாமி, பிரகதீசு, அதைக் குடுக்கறயா? உன்ற தம்பி கட்டோணுமாம், காத்துட்டு நிக்கறான்” என்று கேட்டாள்.

மணி பச்சையாக எரிந்தது. அவன் தேங்காயைத் தட்டில் வைத்தான். வைத்துவிட்டுத் தட்டை மறுபடி நேராகத் திருப்பி வைத்தான்.

அந்தக் கதையை மஞ்சுளாவே போன இடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். “கேட்டாக் குடுத்துருவானுங்க. ஒருத்தரும் கேக்கலை, புடுங்கத்தான் போறாங்க” என்பாள். சம்பந்தி வீட்டில் சிலர் இன்னும் அதைக் குறையாகத்தான் சொல்கிறார்கள், அது அவர்கள் பாடு. ஆனால் பங்காளி வீடுகளில் பிரகதீஷை விட்டுவிட்டு அழைக்கப் பயந்தார்கள். மஞ்சுளா சண்டைக்கு வந்துவிடுவாள் என்ற பயம்தான், பெரிய ஞானோதயம் ஒன்றுமில்லை. காதுகுத்து, சீர், பிறந்தநாள் என்று ஏதாவது வந்துகொண்டிருந்தது. சில இடங்களுக்குப் போனான். சில இடங்களில் பாதியிலேயே திரும்பினான். ஒரு வீட்டில் பட்டாசு வெடித்தார்கள், அந்த வீட்டுக்காரரைக் கண்டாலே இப்போது உள்ளே போய்விடுகிறான்.

ரெஹானாவும் சும்மா இருக்கவில்லை. வேறோர் இடத்தில் கெஞ்சிக் கூத்தாடி, பழையதில் பாதிகூட இல்லாத நிதியை வாங்கினாள். ஒரு நாள் சிந்துஜாவின் மேசைக்கு வந்து, “இந்தத் தடவை எப்படி ஆள் சேர்க்கப் போறோம்?” என்று ஒன்றும் நடக்காததுபோலக் கேட்டாள். முதலில் ஆய்வுக்கே அழைக்கக்கூடாது என்று இருவரும் முடிவு பண்ணினார்கள். நிலையத்துக்குச் சும்மா டீ குடிக்க வரட்டும், வரவேற்பறையில் இருக்கிற மீன் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகட்டும், பிடிக்காவிட்டால் வரவேண்டாம். வேறு நாலு பேர் அழைத்து, நாலு இடம் போய்வந்து, ஏதாவது ஓர் அழைப்பை வேண்டாம் என்று சொல்லிப் பழகிய பிறகுதான் கேட்க வேண்டும். நிதி கொடுக்கிறவர்களுக்கு இதை விளக்குவதற்குள் ரெஹானாவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

இத்தனைக்கும் பிறகு ஒரு மத்தியானம் சிந்துஜா சிங்காநல்லூர் போனாள். தட்டு இல்லை, சந்தனம் இல்லை. பிரகதீஷின் எதிரில் உட்கார்ந்து, சூடு எப்படி இருக்கும், குத்தல் எப்படி இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் என்பதையெல்லாம் சொன்னாள். ஒரு முறை தன் கையிலேயே அந்தச் சூட்டுக் கருவியை வைத்துக் காட்டினாள். அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

“வர்ற ஞாயித்துக்கிழமை ஆய்வுக்கு வர்றீங்களா பிரகதீஷ்?”

மணி சிவப்பாக எரிந்தது.

 இத்தனை நாளில் சிந்துஜாவின் கேள்விக்கு வந்த முதல் சிவப்பு. மறுபடி கேட்டாள். பளிச்சென்று சிவப்பு.

“ஐயய்யோ, இவ்வளவு தூரம் வந்து கேக்கறீங்க...” என்று சமையலறையிலிருந்து ஓடிவந்த சுலோச்சனா சங்கடத்தில் கையைப் பிசைந்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு நாக்கைக் கடித்தாள். “ஞாயித்துக்கிழமைன்னீங்களா? அன்னிக்கு ஆவாதுங்க. மஞ்சுளாக்கா புது வூட்டுக்குக் குடி போறாங்க, இவனை வந்து கூப்பிட்டுட்டுப் போயிருக்கறாங்க. அன்னிக்கு அவனுக்கு ஜோலி இருக்குதுங்க.”

சிந்துஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாசலுக்குப் போய் ரெஹானாவைக் கூப்பிட்டாள்.

“டாக்டர், பிரகதீஷ் வரலைங்கறாரு. சிவப்பு. ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் சிவப்பு. ஞாயித்துக்கிழமை வேற வேலை இருக்காம்.”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது.

“வேலை இருக்கா?” என்றாள் ரெஹானா. “அப்ப அவருக்கு எந்தக் கிழமை சௌகரியப்படும்னு கேளு.”